இருபத்திரண்டு வருஷச் சாயம்

"என்னக்கா இது, தலைமுடியா, தார் ரோடா? யாரு இப்படி அப்பிவிட்டது?"

பார்லர்காரப் பெண் ஒரு கற்றையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். வேரோரம் ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளை. அதற்குக் கீழே இடுப்பு வரை ஒரே கறுப்பு. தொட்டால் கம்பி மாதிரி விறைப்பு.

"என் வீட்டுக்காரர்தான்," என்றாள் நாற்காலியில் இருந்தவள். வயது அறுபதை ஒட்டி இருக்கும். "மாசத்துல முதல் ஞாயித்துக்கிழமை. இருபத்திரண்டு வருஷத்துல ஒரு மாசம் விட்டதில்ல."

"வேர்ல மட்டும் வச்சாப் போதும்னு டப்பாவுலயே போட்டிருப்பானே! அவரு ஒவ்வொரு தடவையும் நுனி வரைக்கும் இழுத்திருக்காரு. சாயத்து மேல சாயம், அதுக்கு மேல எண்ணெய். அடை அடையா நிக்குது."

"நானும் சொல்லிப் பார்த்துட்டேன். வேருக்கு மட்டும் போட்டா நுனி கோவிச்சுக்கும்பாரு."

பெண் சிரித்துவிட்டாள். வந்தவள் சிரிக்கவில்லை.

"சரி, இப்ப என்ன கலர் போடணும்?"

"வெள்ளை."

"அங்கங்க கோடு கோடாவா?"

"முழுசா. பஞ்சு மாதிரி வேணும்."

பதினோரு வருடமாகக் கடை நடத்துகிறாள் அந்தப் பெண். வெள்ளையை மறைக்க வருகிறவர்களைத்தான் பார்த்திருக்கிறாள். காசு கொடுத்து வெள்ளை கேட்ட முதல் ஆள் இவள்தான்.

"இந்த அடை போகாம எந்தக் கலரும் ஏறாதுக்கா. ஒரே நாள்ல செஞ்சா முடி பாழாப் போயிடும். பேசாம சாயத்தை நிறுத்திடுங்க, ரெண்டு வருஷத்துல தானா வெளுத்துடும்."

"ரெண்டு வருஷமா? எனக்கு இன்னிக்கு நாலு மணிக்கு வேணும். அப்பத்தான் ஆஸ்பத்திரியில பார்க்க விடுவாங்க."

அதன்பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. கணவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். ஆறு நாளாக ஒரு வாய் உள்ளே போகவில்லை.

"நான் ஸ்பூனை நீட்டினாத் தட்டி விடுறாரு. என்னைப் பார்த்தாலே சுவர்ப் பக்கம் திரும்பிக்கிறாரு. இன்னிக்கும் சாப்பிடலைன்னா மூக்கு வழியாக் குழாய் போட்டுடுவேன்னுட்டார் டாக்டர். பிடுங்கிப் போட்டுடுவாருன்னு கையைக் கட்டிலோட சேர்த்துக் கட்டிடுவாங்களாம்."

"அப்படி என்னக்கா உங்க மேல கோபம்?"

"என்னத்தைச் சொல்ல? என்னைக் கண்டாலே ஆகமாட்டேங்குது."

"முடி வெள்ளையானா மட்டும் கோபம் போயிடுமா?"

"போகும்னுதான் வந்திருக்கேன். நீ சீக்கிரம் ஆரம்பி."

மேற்கொண்டு கேட்பது அந்தப் பெண்ணுக்குச் சங்கடமாக இருந்தது. தலையைத் தொட்டியில் சாய்த்து, படிவு எடுக்கும் ஷாம்புவை ஊற்றித் தேய்த்தாள். முதல் அலசில் எண்ணெய்ப் பிசுக்கு போனது. இரண்டாவது அலசில் தண்ணீர் கறுத்தது. மூன்றாவதற்கும் கறுப்புதான். படுத்திருந்தவளின் கண்ணீர் காதோரம் இறங்குவதைப் பெண் கவனித்தாள்.

"ஐயையோ, கண்ணுல பட்டுடுச்சா?"

"இல்ல. அவர் கைபட்டதெல்லாம் இப்படித் தண்ணியாப் போகுதேன்னு இருக்கு."

"வேணாம்னா இதோட நிறுத்திடலாம்க்கா."

"நிறுத்தாதே. நல்லாத் தேய்."

பிறகு சாயம் கழற்றும் மருந்து பூசி, பிளாஸ்டிக் தொப்பி மாட்டி, காத்திருந்து கழுவினாள். மறுபடி பூசினாள், மறுபடி கழுவினாள். மேல்பாதி வெளுத்தது. கீழ்ப்பாதி செங்கல் நிறத்தில் நின்று அடம்பிடித்தது. தொட்டாலே பிய்ந்துகொண்டு வந்தது.

"இது இனி வெளுக்காதுக்கா. தோள் வரைக்கும் வெட்டித்தான் ஆகணும். இவ்வளவு நீளத்தை எப்படி..."

"வெட்டு."

கத்தரிக்கோல் ஓடும்போது அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். வெளுத்த முடியில் மிச்சமிருந்த மஞ்சள் நிறத்தை எடுத்து, உலர்த்தி முடிக்கும்போது மணி மூன்று.

"பத்து வயசு கூடிப்போச்சேக்கா," என்றாள் பெண். அவளுக்கே மனசு கேட்கவில்லை. "பக்கவாட்டுல வகிடு எடுத்து லூஸா விட்டுடறேன். கொஞ்சம் இளமையாத் தெரியும்."

"வகிடே வேண்டாம். அப்படியே தூக்கி வாரி, பிடரியில சின்னதா முடிஞ்சு விடு."

"அது இன்னும் வயசைக் கூட்டுமே!"

"கூட்டட்டும்."

முடிந்ததும் கண்ணாடியில் தன்னையே வெகுநேரம் பார்த்தாள். "போதும். இதான்," என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

நாலு மணிக்கு வார்டில் நர்ஸ் குழாயும் கட்டுத் துணியுமாகத் தயாராக நின்றாள். அவர் வழக்கம்போலச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"ஒரே ஒரு தடவை நான் குடுத்துப் பார்க்கிறேன், சிஸ்டர்," என்று கெஞ்சி, கிண்ணத்தை வாங்கிக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஸ்பூனில் சூப்பை மொண்டாள். கொஞ்சம் படுக்கையில் சிந்தியது.

அவர் மெதுவாகத் திரும்பினார். வெள்ளை முடியைப் பார்த்தார். பிடரிக் கொண்டையைக் கை நீட்டித் தொட்டுப் பார்த்தார். ஆறு நாளில் முதல்முறையாக அவர் முகம் மலர்ந்தது.

"எங்க போயிட்டே, அம்மா?" என்றார், எழுபது வயதுக்காரர். "எவளோ ஒருத்தி, யாருன்னே தெரியல, கருகருன்னு முடியை வச்சிக்கிட்டுத் தினமும் வந்து எனக்கு ஊட்டப் பார்க்கிறா, அவளை உள்ள விடாதே, நீயே ஊட்டி விடும்மா."