ஞானேந்திரன் விட்ட கோல்

“வித்துப்போட்டான்! மட்சை வித்துப்போட்டான்!”

ரொக்ஸ்பரோ பார்க்கில ரெஃபரி யோசெப் கடைசி விசிலை ஊதி முடிக்கேல்லை, ஸ்ரீதரன் கத்தத் தொடங்கிட்டார்.

கத்தாமல் என்ன செய்யிறது? ரொக்ஸ்பரோ ரீமுக்காக ரெண்டு தரம் கோல் வாசல்ல விழுந்து புரண்டு பந்தைத் தடுத்த மனுசன் அவர். கடைசி நிமிசத்தில எதிர்ப்பக்க லாசால் ரீம் கப்டன் ஹென்றி ஒரு பந்தைத் தட்டினார். அடிச்சதெண்டு சொல்லேலாது, தட்டினதுதான். தவழ்ந்து வந்த பந்தை ஒரு குழந்தைப்பிள்ளையும் மறிச்சிருக்கும். ரொக்ஸ்பரோவின்ர கப்டனும் கோல்கீப்பருமான ஞானேந்திரன் என்னடாவெண்டால், காலை அகட்டி வைச்சு அதுக்கு வழிவிட்டுக்கொண்டு நிண்டார்.

“கால் வழுக்கிப்போச்சு அண்ணை.”

“மழையே பெய்யாத கிரவுண்டில வழுக்கினதோ? ஆருக்குக் காணும் கதை விடுறீர்?”

பந்து விஷயத்தில ஸ்ரீதரன் படு கறார். ஐரோப்பாவில எந்த லீக்கில எந்தக் கோல்கீப்பர் விலைபோனான், எந்த ரெஃபரி பிடிபட்டான் எண்டதெல்லாம் அவற்ற போனில கிடக்கும். விடிய எழும்பினால் முதல் அந்தச் செய்தி, பேந்துதான் தேத்தண்ணி. ‘உலகமே நாறிப்போச்சு, எங்கட நாப்பது வயசுக்கு மேற்பட்டோர் போட்டி ஒண்டுதான் சுத்தம்’ எண்டு நெஞ்சை நிமித்திக்கொண்டு திரிஞ்சவர்.

“வெள்ளிக்கிழமை பாண் வாங்க மூலைக்கடை டெப்பனருக்குப் போனனான். கடைக்குப் பின்னால நீரும் ஹென்றியும் குசுகுசுத்ததை இந்தக் கண்ணால கண்டனான். எதிர் ரீம் கப்டனோட உமக்கு என்ன ரகசியம்?”

ஞானேந்திரன் தன்ர சப்பாத்தைப் பார்த்தார். ஹென்றி வானத்தைப் பார்த்தார்.

“பாருங்கோ முழியை! இந்த யோசெப்பும் கூட்டுத்தான். நான் அடிச்ச தங்கமான கோலை ஓவ்சைட் எண்டு விசிலை ஊதினவர்!”

யோசெப் விசிலைக் காற்சட்டைப் பைக்குள்ள வைச்சார்.

ஸ்ரீதரன் ஞானேந்திரன் பக்கம் திரும்பினார். “அதை விடும். அடுத்த ஞாயிறு கூழை நினைச்சுப் பாத்தனீரோ?”

அது இந்தப் போட்டி தொடங்கின நாளில இருந்து வாற சட்டம். தோத்த கப்டன் வீட்டுப் பின்வளவில, தோத்த ரீம் கூழ் காய்ச்சோணும். ரெண்டு ரீமும் குடும்பத்தோட வந்து குடிக்கும். சாட்டுச் சொல்லித் தப்பேலாது.

“உம்மட மனிசி ஆஸ்பத்திரியால வந்து வருத்தம் மாறியும் ஒருத்தருக்கும் கதவு திறக்கிறா இல்லை. என்ர மனிசி எத்தினை தரம் தட்டிப்போட்டுத் திரும்பி வந்தவ! அந்த வீட்டிலயோ ரெண்டு ரீமையும் கொண்டுபோய் இறக்கப் போறீர்? உமக்கு மூளை கீளை இருக்கோ?”

“சட்டமெண்டால் சட்டம்தானே அண்ணை.”

“நான் வரமாட்டன். மட்சை வித்துக் காய்ச்சிற கூழ் எனக்கு வேண்டாம்!”

ஞாயிறு முதல் ஆளா வந்தவர் அவர்தான். கூழைக் கோவிச்சுக்கொண்டு விட்ட யாழ்ப்பாணத்தான் இன்னும் பிறக்கேல்லை.

பின்வளவில பெரிய பானை கொதிச்சுக்கொண்டிருந்தது. நண்டு, இறால், பயத்தங்காய், மரவள்ளி எல்லாம் உள்ள போயிட்டுது. வீட்டு யன்னல் மட்டும் திரை இழுத்துச் சாத்தினபடி. ஞானேந்திரன் பனங்கிழங்கு ஒடியல் மாப் பக்கெட்டைப் பல்லால கிழிச்சு, அப்பிடியே பானைக்கு மேல கவிழ்க்கப் போனார்.

படாரெண்டு யன்னல் திறந்தது.

“ஐயோ, நில்லுங்கோ! மாவை ஊறப்போடாமலோ கொட்டுறியள்? கைச்சுக் கிடக்குமப்பா!”

அடுத்த நிமிசம் ஞானேந்திரன்ர மனிசி புஷ்பவதி படியால இறங்கி வந்தா. தலையில கட்டியிருந்த துணி வாற வேகத்தில கழண்டு விழுந்தது. மருந்தால கொட்டி, இப்பத்தான் முளைச்ச கட்டைத் தலைமயிர். அவ அதைக் கவனிக்கேல்லை. அகப்பையைப் பறிச்சு ஒரு வாய் ருசி பார்த்தா.

“புளி கரைச்ச மகாராசா ஆர்? இது கூழோ, கார் கழுவின தண்ணியோ?”

“நான்தான் அக்கா” எண்டு ஹென்றி கையைத் தூக்கினார்.

“வெண்ட ரீம் ஆள் ஏன் பானையில கை வைச்சனீர்? அதுதான் உந்த லட்சணம்!”

சொல்லிப்போட்டு அவவே விழுந்து விழுந்து சிரிச்சா. ஞானேந்திரன் வேலிப் பக்கம் திரும்பி, சேட்டால கண்ணைத் துடைச்சார்.

ஸ்ரீதரன் அதைக் கண்டிட்டார். மெல்லக் கிட்டப் போனார்.

“இதுக்கோ காணும் அந்தக் கோலை விட்டனீர்?”

“ஒருத்தரையும் கூப்பிடாதேங்கோ எண்டு அழுவா அண்ணை. கூப்பிட்டால்தானே பிழை? தோத்தால் சனம் தன்ரபாட்டில வரும். சட்டத்தை அவவும் மறிக்கேலாது.”

ஸ்ரீதரன் ஞானேந்திரனை இழுத்துக் கட்டிப்பிடிச்சார்.

பேந்து, கடதாசிக் கோப்பையில சூடான கூழை உறிஞ்சேக்கை, அவருக்குப் பழைய சந்தேகம் தலைதூக்கினது.

“ஹென்றிக்குத் தெரியும், சரி. யோசெப், அந்த ஓவ்சைட்?”

யோசெப்புக்குப் புரைக்கேறினது. “அது... ஓவ்சைட் இல்லை அண்ணை.”

“அப்ப எங்கட பெடியள் ஒருத்தரும் எனக்குப் பந்து தராதது?”

பின்வளவில நிண்ட ஆம்பிளையள் அத்தனை பேரும் குனிஞ்சு கூழுக்குள்ள நண்டு தேடினம்.

“அட பாவியளே, எல்லாருமோ! எனக்கு மட்டும் ஏன் சொல்லேல்லை?”

“உங்களுக்குச் சொன்னால் பொழுதுபட முதல் புஷ்பவதிக்குத் தெரிஞ்சிருக்கும்” எண்டார் ஞானேந்திரன்.

ஹென்றி அவற்ற கோப்பையில இன்னொரு அகப்பை ஊத்தினார்.

“அண்டைக்கு அந்தக் கிரவுண்டில நேர்மையா விளையாடினது நீங்கள் ஒராள்தான் அண்ணை. ரெண்டு ரீமும் ரெஃபரியும் ஒண்டாச் சேந்தும், உங்களைத் தோக்கடிக்கக் கடைசி நிமிசம் வரைக்கும் போச்செல்லோ!”