இரண்டாம் பாகத்தின் கொலைகாரன்

வெளியே புனே மழை விடாமல் பெய்துகொண்டிருக்கிறது. மேட்னி காட்சி அரங்கில் நனைந்த ரெயின்கோட்டுகளின் வாடையும் படாட்டா வடையின் மணமும் கலந்து மிதக்கின்றன. திரையின் நீல ஒளி ப்ரியம்வதாவின் மடியில் கிடக்கும் குடைமேல் தண்ணீர்போல அசைகிறது. முதல் பாகத்தில் வந்த அதே பங்களா, அதே மாடிப்படி; கதாநாயகி மட்டும் வேறு. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் இதே அரங்கில்தான் அந்தப் படத்தை அப்போதைய கணவன் பத்ரியோடு பார்த்தாள். அவன் வெள்ளிக்கிழமையே தனியாகப் பார்த்துவிட்டு, ஞாயிறன்று அவளை அழைத்து வந்திருந்தான். "பயப்படாதேடி, தோட்டக்காரன்தான் கொலைகாரன்" என்று காதில் சொல்லிவிட்டான். அரங்கமே அலறிய இடத்தில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். பத்ரி இறந்துபோய் ஆறு வருடமாகிறது. இப்போது பக்கத்தில் இருப்பவர் முகுந்த். பதிவுத் திருமணம் முடிந்து மூன்று மாதம். பாப்கார்ன் பொட்டலத்தைச் சத்தம் வராமல் இரண்டு கைகளாலும் பிடித்திருக்கிறார். பின்வரிசையில் ஒருவன், பழைய படத்தின் கால்தூசுக்குப் பெறாது இது என்று மராத்தியில் அலுத்துக்கொள்கிறான். முகுந்த் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்கிறார்: "உனக்கும் அப்படித்தான் தோணறதா?" மாடிப்படியில் செருப்புச் சத்தம் ஒவ்வொரு படியாக இறங்கி வருகிறது. "சித்த பேசாம இருங்கோ" என்கிறாள், "யார் வரான்னே எனக்குத் தெரியல." அவள் கை இருட்டில் துழாவி அவர் முழங்கையை இறுகப் பற்றுகிறது. பாப்கார்ன் முழுவதும் அவர் மடியில் கொட்டுகிறது. அவர் அசையவே இல்லை.