முக்காட்டை எடுக்காதே

“முக்காட்டை எடுக்காதே! எங்க வீட்டுப் பொண்ணு முகத்த இந்தத் தெரு பாக்கக் கூடாது.”

தோன் பல்தசார் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். உயர்ந்த குடும்பத்து ஆண் லிமா நகரத் தெருவில் ஓடமாட்டான். அன்று அவர் கயாவோ துறைமுகச் சாலைவரை ஓடிவந்து அவள் முழங்கையைப் பிடித்திருந்தார்.

கறுப்பு முக்காட்டுக்குள் ஒற்றைக் கண் மட்டும் தெரிந்தது. லிமாவில் மானமுள்ள பெண்கள் எல்லோரும் வெளியே அப்படித்தான் நடப்பார்கள். ஆனால் அந்தப் பச்சைப் பாவாடை, மகள் கசில்தாவுக்கு அவரே துணி எடுத்துத் தைக்கக் கொடுத்தது.

“சேணம் தைக்கிறவன்கூடக் கப்பலேறப் பாத்தியா? வாயத் திறக்காதே. உன் குரல் கேட்டா நாலு பேருக்குத் தெரிஞ்சுபோகும். கன்னியர் மடத்துக்கு நட.”

அவள் நடந்தாள். இடுப்பில் ஏதோ மெல்லக் குலுங்கியது. சட்டென்று கையால் அழுத்திக்கொண்டாள்.

“நகையையும் சுருட்டிக்கிட்டியா?”

கழுதையோடு வந்த தண்ணீர்க்காரன் வழிவிட்டுச் சிரித்தான். “பெரியவரே, அந்த ஒத்தக் கண்ணு உங்க வயசுக்குத் தாங்காது, விட்டுடுங்க!”

பல்தசாரின் கை வாளுக்குப் போனது. இது என் மகள் என்று எப்படிச் சொல்வது? அவமானத்தை விழுங்கிக்கொண்டார். அந்தப் பதற்றத்தில் அவள் தடுமாற, முக்காடு நழுவியது. தெருவில் யார் பார்க்கிறார்கள் என்று கண்ணை ஓட்டியபடியே, அவரே அதை இழுத்து மூடினார்.

சொந்த வீட்டு வாசல் வந்தது. மாடிச் சன்னல் சாத்தியிருந்தது.

“காலையிலேர்ந்து தலைவலின்னு படுத்திருக்கா உங்கம்மா. இரு, அவளக் கூப்பிட்டுக் காட்டறேன், அவ வளத்த லட்சணத்த!”

அவள் அப்படியே மண்டியிட்டு அவர் காலைக் கட்டிக்கொண்டாள். வேண்டாம் வேண்டாம் என்று தலை மட்டும் ஆடியது. உடம்பெல்லாம் கிடுகிடுவென்று நடுங்கியது.

பல்தசார் யோசித்தார். “சரி, எழுந்திரு. அவ ஒப்பாரி வச்சா பக்கத்து வீடு எட்டிப் பாக்கும்.”

மடத்தின் கதவு கோட்டைக் கதவுபோல இருந்தது. பேராயரின் அனுமதியை அவர் முன்பே வாங்கியிருந்தார். உள்ளே போனவள் வெளியே வரவேண்டுமென்றால், குடும்பத் தலைவர் பேராயர் சபைமுன் நின்று காரணம் சொல்ல வேண்டும். அதற்காகவே அந்த மடத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார்.

அவள் படியில் காலை வைக்காமல் நின்றாள். எதையோ எதிர்பார்ப்பதுபோல் காது கொடுத்தாள்.

துறைமுகத் திசையில் பீரங்கி முழங்கியது.

“கேட்டியா? கப்பல் போயிடுச்சு. உன் ஆளும் போயிட்டான்.”

அவள் நடுக்கம் நின்றது. தானாகவே உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழும் ஓசை கேட்டபிறகுதான் பல்தசாரின் முதுகு பழையபடி நிமிர்ந்தது. குடும்ப மானம் பிழைத்தது.

வாசல் சுவரில் மரத்தால் செய்த சுழல்பெட்டி ஒன்று பதித்திருந்தது. அதன் வழியே பொருள்கள் வரும் போகும். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது.

“மாசற்ற மரியே வாழ்க!” என்றார் உள்ளேயிருந்து கன்னியாஸ்திரி. “வெளியுலகச் சாமான் எதுவும் இங்க ஆகாதுங்க ஐயா. கழட்டிக் குடுத்தத எடுத்துக்குங்க.”

பெட்டி கிறீச்சிட்டுச் சுழன்றது. மகளின் தோடுகளுக்காக அவர் கையை நீட்டினார்.

வந்தது தோடு இல்லை. கல்யாணத்தன்று மனைவி எங்ரேசியாவின் இடுப்பில் அவரே மாட்டிவிட்ட வீட்டுச் சாவிக்கொத்து.

“கதவத் திறங்க!” என்று அலறினார்.

“கசில்தா கப்பலேறிட்டா,” என்றது பெட்டிக்குப் பின்னாலிருந்து அவர் நன்றாக அறிந்த குரல். “கதவு திறக்கணும்னா, பேராயர் சபையில போய்ச் சொல்லுங்க, கட்டின பொண்டாட்டியையே அடையாளம் தெரியலேன்னு.”