மிஸ்டர் புக்

"அம்மா போனது என்னாலதான். நான் பாலைக் கொட்டிட்டேன். கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க."

விக்கி விக்கிச் சொன்னது அந்தக் குழந்தை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த டீச்சர் சிரித்தாள். "வெரி குட்" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

நான் அந்தப் பள்ளிக்கூடத்தின் கேட் காவலாளி. பிழைக்க வந்த இந்த நாட்டில் பதினெட்டு வருஷம் ஆகிவிட்டது. இந்த ஊர்ப் பாஷை தண்ணி பட்ட பாடு. டீச்சரும் நம்ம தமிழ்ப் பெண்தான். பொடிசுகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க வந்து எட்டு வருஷம். அவளுக்கும் இந்தப் பாஷை அத்துப்படி. காய்கறிக் கடையில் அவள் பேரம் பேசியதை என் காதால் கேட்டிருக்கிறேன்.

ஆனால் பள்ளியில் ஒரு விதி. டீச்சருக்கு ஊர்ப் பாஷை ஒரு சொல்கூடத் தெரியாது என்று பிள்ளைகள் நம்ப வேண்டும். அப்போதுதான் தண்ணீர் கேட்கவாவது இங்கிலீஷில் வாயைத் திறப்பார்களாம். மீறுகிற டீச்சரை என் நோட்டில் எழுதி ஆபீசில் காட்ட வேண்டும். போன வருஷம் ஒருத்தி, கால்சட்டையை நனைத்துக்கொண்ட பையனிடம் ஊர்ப் பாஷையில் "பரவாயில்லடா" என்று சொல்லிவிட்டாள். எழுதினேன். மறு வாரமே விமானம் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். விதி என்றால் விதிதானே.

எந்நேரமும் நோட்டும் கையுமாக இருப்பதால் பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் 'மிஸ்டர் புக்'. மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவனுக்கு இப்படி ஒரு பட்டம். உள்ளுக்குள் பெருமைதான்.

நானும் அவர்களுக்குப் பெயர் வைத்திருந்தேன். இந்த டீச்சரின் வகுப்பு ஜன்னல் என் அறைக்குப் பக்கத்தில்தான். 'வக்கீல்' ஒருத்தன், வாழைப்பழத்தை 'எல்லோ' என்றால் உரித்துக் காட்டி 'ஒயிட்' என்று வழக்காடுவான். 'ஆமாஞ்சாமி' ஒருத்தி, பெயரைக் கேட்டாலும் 'எஸ்' என்பாள். இந்தக் குழந்தை 'பூட்டு'. டீச்சர் குட்டிக்கரணம் போட்டும் ஆறு மாசமாக ஒரு இங்கிலீஷ் சொல் வரவில்லை. சாயங்காலம் எல்லாரும் போன பிறகு, அப்பா வரும்வரை வாசல் பெஞ்சில் டீச்சரோடு உட்காரும்போது மட்டும், சொந்தப் பாஷையில் மடை திறந்தாற்போல் பேசும்.

அன்று பேசியதுதான் அந்தப் பால் கதை. அழுகிற பிள்ளைக்குப் பக்கத்தில் இவள் சிரித்தபடி காகிதப் பூனைக்கு மீசை ஒட்டிக்கொண்டிருந்தாள்.

எனக்கும் அவளுக்கும் முன்பே ஆகாது. என் செல்போன் பாட்டு வகுப்பைக் கெடுக்கிறது என்று ஆபீசில் போட்டுக்கொடுத்தவள். ஏழு மாசம் ஆகிறது, நான் மறக்கவில்லை. பாட்டு கேட்டால் குற்றம், பச்சைப்பிள்ளை அழுதால் வெரி குட்டா?

தெருமுனையில் அப்பாவின் வண்டி ஹாரன் கேட்டதும் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். தள்ளிவிட்டால் போதும் என்று ஓடுகிறாள் என நினைத்தேன். திரும்பி வரப் பத்து நிமிஷம் ஆனது. வந்தவளை மறித்தேன்.

"ஏம்மா, அந்தப் புள்ள சொன்னது உனக்குப் புரியலையா?"

"புரிஞ்சுதுங்க ஐயா."

"புரிஞ்சுமா சிரிச்ச? நீ பெத்ததா இருந்தா சிரிப்பியா?"

அவள் என் சட்டைப்பை நோட்டையே பார்த்தாள். "நான் ஏன் சிரிச்சேன்னு உங்களுக்குத் தெரியாதா ஐயா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

திமிர். எழுதிவிடலாம் என்றால், கல்நெஞ்சுக்காரியை எழுத விதி ஏதும் இல்லை.

மறுநாள் குழந்தை தண்ணீர் பாட்டிலைப் பெஞ்சிலேயே விட்டுவிட்டுப் போனது. எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். இந்த டீச்சரின் லட்சணத்தை அந்த அப்பனிடம் சொல்லிவிடுவது என்றும் முடிவு செய்திருந்தேன்.

முனை திரும்பியவன் அப்படியே நின்றுவிட்டேன்.

டீச்சர் நடைபாதையில் மண்டியிட்டிருந்தாள். குழந்தையின் முகத்தை இரண்டு கையிலும் ஏந்தி, இந்த ஊரிலேயே பிறந்தவள் மாதிரி அதன் பாஷையில் பேசிக்கொண்டிருந்தாள்.

"நேத்து சொன்னதுதான் இன்னைக்கும் கண்ணு. பால் கொட்டினதுக்கெல்லாம் எந்த அம்மாவும் போக மாட்டாங்க. அது பெரியவங்க சண்டை. உன் மேல தப்பே இல்ல."

வண்டியில் உட்கார்ந்திருந்த அப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

என்னைப் பார்த்ததும் டீச்சரின் முகம் வெளுத்துவிட்டது. அவளுடைய எட்டு வருஷ வேலை என் சட்டைப்பையில் இருந்தது. பெஞ்சில் அவள் ஏன் சிரித்தாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அங்கே பக்கத்தில் நான் இருந்தேன்.

ஆனாலும் பழக்கதோஷம். கை தானாக நோட்டுக்குப் போனது.

குழந்தை ஓடிவந்து, டீச்சரை மறைத்துக்கொண்டு இரண்டு கைகளையும் விரித்து நின்றது. ஆறு மாசமாகத் திறக்காத பூட்டு, என்னைப் பார்த்து, இங்கிலீஷில் திறந்தது.

"மிஸ்டர் புக்... டீச்சர் குட். ப்ளீஸ், நோ ரைட்."