காரணம்: விருப்பமில்லை

"வயசுப் பொண்ணக் களை வெட்டக் கெளப்பிட்டு, நீ பாட்டுக்குக் கூழ் குடிச்சிக்கினு குந்தியிருக்கியே பச்சமுத்து, அப்பனாய்யா நீ?"

மேற்பார்வையாளர் ஆதிமூலம் வந்ததும் வராததுமாகப் பிடித்துக்கொண்டார். பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பிள்ளைகளை வீடு வீடாகத் தேடித் திரும்பச் சேர்ப்பது அவர் வேலை. கூடவே பத்தாம் வகுப்பு ஆண்டாள் டீச்சர். வெயில் என்று பார்க்காமல் அலைகிறாரே மகராசி என்று ஊரே மெச்சிக்கொண்டிருந்தது.

இந்த வாசலில் மட்டும் டீச்சருக்குக் கால் கூசியது.

"நான் எங்க சார் நிறுத்தனேன்?" என்றான் பச்சமுத்து. "இவ படிக்கணும்னுதான கேரளாவுல மொளகு பறிச்சிக்கினு கெடந்தேன். போன பொங்கலுக்கு வந்து பாத்தா வூட்ல குந்திக்கினு கீறா. ஏன்டின்னா வாயே தொறக்க மாட்டேங்கறா. நீங்களே கேளுங்க."

வேலைக்குக் கிளம்பி நின்ற அம்சவள்ளி, களைக்கொத்தைக் கீழே வைத்தாள். டீச்சரைப் பார்த்து வணக்கம் சொன்னாள்.

"பயப்படாம சொல்லும்மா" என்றார் ஆதிமூலம். "யாராவது வர வேணாம்னு சொன்னாங்களா? அப்படின்னா நாளைக்கே அதே கிளாஸ்ல உக்கார வைக்கறேன். பஸ் பாஸ், சாயந்தரம் தனி வகுப்பு, எல்லாம் உண்டு. நீயாவே நின்னிருந்தா, விருப்பமில்லன்னு எழுதிட்டுப் போயிடுவோம். அப்புறம் உன்னத் தேடி யாரும் வர மாட்டாங்க."

சொல்லிடாதடி தாயே என்று ஆண்டாள் டீச்சரின் மனசு கெஞ்சியது. சீ, இவ்வளவுதானா நாம் என்று தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

அம்சவள்ளி டீச்சரை ஒரு தரம் பார்த்தாள்.

"யாரும் சொல்லல சார். எனக்குக் கணக்கு ஏறல. நானாதான் நின்னுட்டேன்."

பச்சமுத்து கையை ஓங்கிக்கொண்டு வந்தான். ஆதிமூலம் பிடித்துக்கொண்டார். "ஒனக்குப் போயி ஒழச்சேனே" என்று தலையில் அடித்துக்கொண்டு, அவன் வீட்டுக்குப் பின்னால் போய்விட்டான்.

"பாத்தீங்களா டீச்சர்? நாமதான் மாஞ்சு மாஞ்சு ஓடறோம். இதுங்களுக்கு அக்கறையே இல்ல" என்றார் ஆதிமூலம்.

"ம்" என்றார் டீச்சர்.

காரணம் கேட்டிருந்த கட்டத்தில் 'விருப்பமில்லை' என்று எழுதி, சாட்சிக் கையெழுத்துக்குப் படிவத்தை நீட்டினார் ஆதிமூலம். டீச்சர் வாங்கிப் போட்டார்.

ஆதிமூலம் அடுத்த வீட்டைப் பார்த்து நடந்தார். டீச்சரும் பின்னாலேயே நழுவப் பார்த்தபோது அம்சவள்ளி ஓடி வந்தாள். கேட்கட்டும், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்கட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

அப்பனுக்குக் கேட்காத குரலில், முகமெல்லாம் ஆசையாகக் கேட்டாள் அந்தப் பெண்.

"நான் நின்னுக்கினா நம்ம பள்ளிக்கூடம் நூறு சதவீதம் பாஸ் ஆயிடும்னு சொன்னீங்களே, ஆச்சா டீச்சர்?"