ஒல்லாந்து ஒன்பது வீதம்

"கிறிஸ்ரோபர் அந்த மேடையில ஏறினா, நான் இனிக் கோயில் வாசல் மிதிக்கமாட்டன். சொல்லிப்போட்டன் ஐயா!"

போதகர் றொபின் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். இணுவிலுக்கு மாற்றலாகி வந்து முழுதாக ஒரு கிழமைகூட ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தின் ஆண்டு விழா. சபையின் மிகப் பழைய குடும்பத்தில் ஒருவரை மேடைக் கதிரையில் இருத்தி மாலை போடுவது அங்கே வழக்கம். அந்த ஒற்றைக் கதிரையால் சபையே இரண்டுபட்டுப் போகுமோ என்று அவர் பயந்தார்.

"ஆறுதலாச் சொல்லுங்கோ, சிமியோன் அண்ணை. கிறிஸ்ரோபரை நான் இன்னும் சந்திக்கேல்லை. அவரோடை என்ன பிரச்சினை?"

சிமியோன் மடித்துக் கொண்டுவந்த தாளை விரித்தார்.

"கனடாவில இருக்கிற மகள் டிஎன்ஏ பாக்கிற பெட்டி அனுப்பினவள். குழாயில துப்பி அனுப்பினனான். ஒல்லாந்து ஒன்பது வீதம்! டச்சுக்காரர் ஆண்ட ஒல்லாந்தர் காலத்துக் கோயில் மேடையில ஒல்லாந்த இரத்தமெல்லோ இருக்கோணும்?"

"நல்ல விசயம்தானே."

"என்ன நல்ல விசயம்? உவன் கிறிஸ்ரோபர் லண்டனில இருக்கிற தன்ரை மகனைப் பிடிச்சு வேறை கொம்பனியில செய்விச்சிருக்கிறான். அதில ஒல்லாந்து மருந்துக்கும் இல்லை. போர்த்துக்கல் பதினொரு வீதமாம். போர்த்துக்கீசர்தான் முதல் வந்தவையாம், கதிரை தனக்குத்தானாம்!"

போதகருக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்து அடக்கினார்.

"அண்ணை, உங்கடை ரிசல்ட் உங்களுக்குச் சரி. அவரின்ரை அவருக்குச் சரி. ரெண்டு கதிரை போட்டால் போச்சு."

"அதெப்பிடி? அவன்ரை சரியெண்டா என்ரை பிழையெல்லோ!"

"ஏன் பிழை? ஆளுக்காள் இரத்தம் வேறைதானே?"

"அது மற்ற ஆக்களுக்கு ஐயா! இதில ஒரு கொம்பனி பொய் சொல்லுது. என்ரை கொம்பனி சொல்லாது."

வந்ததும் வராததுமாக இப்படியொரு விடாக்கண்டனிடம் வந்து மாட்டினேனே என்று போதகர் நொந்துகொண்டார். இவருக்கு டிஎன்ஏ என்றால் என்னவென்றே விளங்கவில்லை என்பது அவருடைய முடிவு.

அப்போது படலை திறக்கும் சத்தம் கேட்டது. ஆளுக்கு முதலே குரல் வந்து சேர்ந்தது.

"ஐயா, உவன் இஞ்சை வந்து ஒல்லாந்துப் புளுகு புளுகினவனோ? அதெல்லாம் கள்ளக் கொம்பனி!"

"கிறிஸ்ரோபர்தான்," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார் சிமியோன்.

போதகர் படியேறி வந்தவரைப் பார்த்தார். சிமியோனைப் பார்த்தார். திரும்பவும் வந்தவரைப் பார்த்தார். அதே கூர்மூக்கு, அதே வழுக்கை, அதே முறைப்பு. சேட்டின் நிறம் மட்டும்தான் வேறு.

"நீங்களே நியாயத்தைச் சொல்லுங்கோ ஐயா," என்றார் கிறிஸ்ரோபர். "ஒரே வயித்தில என்னோடை ஒண்டாக் கிடந்தவன், எனக்குப் பத்து நிமிசம் பிந்திப் பிறந்தவன். அந்தப் பத்து நிமிசத்துக்குள்ள எப்பிடி ஒல்லாந்தனானவன்?"