பந்தி ஹாலில் பாராட்டு விழா

“மேடையைக் கீழே இறக்குங்க சார். இல்லைன்னா எனக்குப் பொன்னாடையும் வேண்டாம், பாராட்டும் வேண்டாம்.”

கல்யாண மண்டப வாசலில் நின்று, ஊன்றுகோலைத் தரையில் ஒரு தட்டு தட்டிச் சொன்னாள் ஜொவிட்டா.

கனகராஜுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தி. நகரில் பெரிய ஜவுளிக்கடை, நகர் நலச் சங்கத்துக்குத் தலைவர். அடுத்த வாரம் சங்கத் தேர்தல். ஏரியாவில் டாக்டர் பட்டம் வாங்கிய இரண்டு பெண்களுக்கு விழா எடுத்துவிட்டால் மறுபடியும் தலைவர் நாற்காலி நமக்குத்தான் என்று கணக்குப் போட்டிருந்தார், பாவம். பாராட்டு வாங்க வந்தவளே முரண்டு பிடித்தால் மனுஷன் என்னதான் செய்வார்?

“மேடை மாடியிலதானேம்மா இருக்கு. லிஃப்ட் வேற ரிப்பேர்.”

“படி ஏற முடியாதவங்களை விட்டுட்டு ஒரு விழாவா சார்?”

“அட, இவ்வளவுதானா! நாலு பசங்களை விட்டு நாற்காலியோட அலாக்காத் தூக்கிடச் சொல்றேன்.”

“தூக்கிட்டுப் போக நான் என்ன உற்சவரா?”

பக்கத்தில் நின்ற இன்னொரு டாக்டர் ஸ்வர்ணலதா களுக்கென்று சிரித்தாள். “அவ வரலைன்னா நானும் வரலை சார்.”

காலில் குறை வைத்த கடவுள் இவள் வாயில் கொஞ்சம் வைத்திருக்கக் கூடாதா என்று கனகராஜ் பல்லைக் கடித்தார். அதற்குள் சிறப்பு விருந்தினர், ஓய்வுபெற்ற நீதிபதி பரத்வாஜின் கார் வந்துவிட்டது. வேறு வழி?

கீழே இருந்த பந்தி ஹாலிலேயே விழா தொடங்கியது. கை கழுவும் தொட்டிக்கு மேலே பேனர். ரச வாசனைக்கு நடுவே தமிழ்த்தாய் வாழ்த்து.

“இன்னா சார் இது, எலை போடற எடத்துல மைக்கு வச்சிக்கினு கீறீங்க?” என்று சமையல்காரர் முருகன் கரண்டியோடு வந்தார்.

“யோவ், போய்யா உள்ளே!”

கனகராஜ் மைக்கைப் பிடித்தார். மைக் கிடைத்தால் அவருக்குக் கண்ணீர் தானாக வரும்.

“மாற்றுத்திறனாளிப் பெண்கள் மேல நடக்கிற வன்முறையை ஆராய்ச்சி பண்ணிய என் அருமைத் தங்கை... இதோ, இந்தக் கோலை ஊன்றிக்கிட்டு...” அவர் குரல் தழுதழுத்தது.

“சார், நான் கெமிஸ்ட்ரி” என்றாள் ஜொவிட்டா. “மூலக்கூறு அமைப்பு. நீங்க சொல்றது இவளோட ஆராய்ச்சி.”

வழிந்த கண்ணீரை என்ன செய்வது என்று தெரியாமல் கனகராஜ் ஸ்வர்ணலதாவை மேலும் கீழும் பார்த்தார்.

“உனக்குத்தான் கை கால் எல்லாம் நல்லா இருக்கேம்மா! உனக்கு எதுக்கு அந்த ஆராய்ச்சி?”

“நீங்க புடவை விக்கறீங்க சார். கட்டிக்கவா செய்யறீங்க?”

பந்தி ஹாலே அதிர்ந்தது. நீதிபதிக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது.

மூலக்கூறு என்றால் என்ன என்று ஜொவிட்டா விளக்கினாள். ஒரு பெரிய லட்டு, அதில் பல்குச்சியால் குத்தி இரண்டு பக்கமும் இரண்டு குட்டி லட்டு. “இதுதான் தண்ணி. நடுவுல ஆக்சிஜன், ரெண்டு பக்கமும் ஹைட்ரஜன்.”

அவள் பந்தி மெனு எழுதும் பலகைப் பக்கம் திரும்பிய நேரத்தில் நீதிபதி பெரிய லட்டைப் பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டார்.

“ஐயோ சார்! ஆக்சிஜனைத் தின்னுட்டீங்க. மிச்சம் இருக்கிறது இப்போ தண்ணி இல்ல, நெருப்பு வச்சாப் பத்திக்கும்!”

“மன்னிச்சிடும்மா, நெய் வாசனை தாங்கல” என்றார் நீதிபதி.

அடுத்து ஸ்வர்ணலதா பேசினாள். “அடி, உதை வாங்கினவங்க நிறையப் பேர்கிட்ட பேசியிருக்கேன். ஆனா சில வீடுகள்ல யாரும் கையே ஓங்கலைங்க. ‘உனக்கு எதுக்கு வீண் சிரமம், நீ வீட்டுலயே இரு’ன்னு பிரியமாத்தான் சொன்னாங்க. அப்படியே வருஷக்கணக்கா உள்ளேயே உட்கார வச்சுட்டாங்க. அதுவும் வன்முறைதான்.”

கனகராஜ் துள்ளி எழுந்தார். “அடப் பாவிகளா! எந்த வீடும்மா? அட்ரஸ் கொடு. சங்கமே திரண்டு போய் நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேக்கறேன்!”

ஒரே கைதட்டல். தேர்தல் ஜெயித்த மாதிரியே இருந்தது அவருக்கு. அந்தக் குஷியில் நினைவுப் பரிசு கொடுக்கத் திரும்பினால், பரிசு மாடியிலேயே கிடக்கிறது.

“நான் எடுத்துட்டு வரேன்” என்றாள் ஜொவிட்டா. கோலை ஊன்றித் தடதடவென்று மாடி ஏறினாள். பரிசுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அதே வேகத்தில் இறங்கியும் வந்துவிட்டாள்.

கனகராஜுக்கு ரத்தம் கொதித்தது. மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு சீறினார். “இந்தப் போடு போடறே! அப்புறம் எதுக்கு என்னை ரசவாடையில நிக்க வச்சே?”

“எனக்கு ஏற முடியாதுன்னு நான் எப்ப சார் சொன்னேன்? ஏற முடியாதவங்களுக்காகக் கேட்டேன்.”

“யாரு அது?”

ஜொவிட்டா கடைசி வரிசையைக் காட்டினாள். தூணுக்குப் பின்னால் சக்கர நாற்காலி. அதில் பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவுமாக, பக்கவாதம் வந்த நாள் முதல் வீட்டு வாசலைத் தாண்டாத அவருடைய மனைவி தங்கம்.

“பேனருக்கு போட்டோ கொடுக்க உங்க வீட்டுக்குப் போனப்போ, ‘நானும் ஒரு தடவை வரணும்’னு கேட்டாங்க சார்” என்றாள் ஸ்வர்ணலதா மெதுவாக. “நாங்கதான் ஆட்டோ அனுப்பினோம்.”

மைக்கைப் பொத்தியிருந்த கனகராஜின் கை நழுவியது.

தங்கம் சிரித்துக்கொண்டே கேட்டாள்: “ஏங்க, ஏதோ அட்ரஸ் கேட்டீங்களே, நானே சொல்லட்டுமா?”